பதில் போடாத ஊர்

மழைக்கு ஒதுங்க இடம் தேட வேண்டாம், ஊரே ஒதுங்குகிற இடம்தான் என்று என் சிநேகிதி மெகராஜின் மகன் நேற்று மிலானில் அவன் வீட்டில் வைத்துச் சொன்னபோது பையன் அளக்கிறான் என்றுதான் நினைத்தேன், ஆனால் உண்மைதான், பொலோனியா ரயில் நிலையத்தில் இறங்கி ஒரே ஒரு ரோட்டைத் தாண்டியதிலிருந்து இதுவரை என் தலையில் ஒரு சொட்டு விழவில்லை, தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளின் மாடியைத் தூண்கள் தாங்கி நிற்கின்றன, அதற்கடியில் நடைபாதை, ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு, கோயில் பிராகாரத்தைப் பிடித்து இழுத்து ஊர் முழுக்க நீட்டிவிட்ட மாதிரி. மழை அதுபாட்டுக்குத் தெருவில் பெய்கிறது, நாங்கள் எங்கள்பாட்டுக்கு நடக்கிறோம். முன்னால் மெகராஜ், போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது காட்டும் வழியில், ஐம்பத்தேழு வயதிலும் கல்லூரியில் நடந்த அதே வேகத்தில். பின்னால் ஜெசிந்தா, முட்டிவலி, ஒவ்வொரு தூணிலும் கையை வைத்து வைத்து. நடுவில் நான், ஆவுடையம்மாள், முன்னால் போகிறவளோடும் சேராமல் பின்னால் வருகிறவளுக்கும் நிற்காமல், சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருடம் தள்ளிப் போட்டாயிற்று, இனி தள்ளிப்போட இந்த ஊரில் தெரு இல்லை. ஜெசிந்தாவை இங்கே வந்து படிக்கச் சொல்லி இந்த ஊரிலிருந்து வந்த கடிதத்தை அவள் கையில் கொடுக்காமல் ஹாஸ்டல் வெந்நீர் அடுப்பில் போட்டவள் நான். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இன்னும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும் போலிருக்கிறது, ஏனென்றால் மெகராஜ் எங்களை இப்போது கூட்டிக்கொண்டு போவது அந்தப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்துக்கு, அங்கே ஒரு அலுவலகம் இருக்கிறதாம், அங்கே பழைய காகிதங்கள் இருக்கின்றனவாம், “நம்ம ஜெசி அப்ளிகேசன் என்னாச்சுன்னு கேட்டுருவோம், ஒரு பதில் போடத் தெரியலியா இந்த வெள்ளக்காரனுவளுக்கு” என்று ரயிலிலேயே கங்கணம் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். சிரிப்பு என் காதுக்கே நன்றாக இல்லை.

பைல் என்பது சாகாது. இது எனக்குத் தெரிகிற மாதிரி இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, தாலுகா ஆபீசில் முப்பது வருடமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறவள் நான், கரையான் அரித்தாலும் வெள்ளம் வந்தாலும் நகல் ஒன்று எந்த அலமாரியிலாவது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், ‘இன்ன தேதியில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது’ என்று எவனோ ஒரு குமாஸ்தா எழுதி வைத்திருப்பான், செத்துப்போன குமாஸ்தா, அவன் எழுதிய ஒற்றை வரி போதும் என்னைப் பிடித்துக் கொடுக்க. அப்புறம் மெகராஜ் யோசிப்பாள். கடிதம் அனுப்பியிருக்கிறான், அப்படியானால் ஹாஸ்டலுக்கு வந்திருக்கும், வந்திருந்தால் அந்த வாரம் தபால் கொடுக்கிற முறை யாருடையது. மெகராஜுக்கு ஞாபகசக்தி அதிகம், எந்த வருடம் மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்று இன்றைக்கும் சொல்வாள். கண்ணாடிக்குள் பெரிய பெரிய பன்றி இறைச்சி உருளைகள் தொங்கும் ஒரு கடை வந்தது, மெகராஜ் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாகத் தாண்டினாள், நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், எதையாவது பார்க்க வேண்டும் என்பதற்காக, கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு மெல்லிய துண்டை வெட்டிக் காகிதத்தில் நீட்டினான், கோமதியம்மன் கோயிலுக்கு வருடம் தவறாமல் மாவிளக்கு ஏற்றுகிற என்னிடம், நான் பதறிக் கைகூப்பிவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து ஜெசிந்தா சிரித்தாள். “ஒரு வாய் தின்னா என்னளா, கோமதியம்மன் இத்தாலி வரைக்கும் வந்து பாக்கவா போறா?” என்றாள். பார்க்கிறாளே, ஜெசி, அதுதானே பிரச்சினை.

ஹாஸ்டலில் தபால் கொடுப்பது வாரத்துக்கு ஒருத்தியின் முறை. வருகிற கடிதத்தையெல்லாம் வார்டன் சிஸ்டர் பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்துப் படித்துவிடுவார், அப்புறம்தான் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் அந்த வாரத்துத் தபால்முறைக்காரி பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். ஏப்ரல் மாதம் எம்.எஸ்சி. கடைசிப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிஸ்டர் தியானத்துக்குப் போய்விட்டார், போகும்போது பிளேடை என் கையில் கொடுத்து, நீயே பிரித்துப் பார்த்துக் கொடு, காதல் கடிதம் ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நம்பித்தான். நான் ஒழுங்கான பிள்ளை. முதல் இரண்டு நாள் நாற்பது கடிதத்தைப் பிரித்துக் காதல் தேடினேன், எல்லாம் நெல் அறுப்பும் அக்கா பிரசவமும்தான். மூன்றாம் நாள் ஓரத்தில் கோடு போட்ட விமானத்தபால் உறை, ஜெசிந்தாவின் பெயரில், பிரித்தேன், நல்ல ஆங்கிலம், தெளிவான தட்டச்சு, ஒரு வருடம் இங்கே வந்து உலர்தாவரச் சேகரிப்பில் வேலை செய்யலாம், தங்க இடம் உண்டு, சம்மதம் என்று மே பதினைந்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். காதல் கடிதத்தை எடுத்து வைக்கச் சொன்னார். நான் எடுத்து வைத்தது இதை. அவளுடைய ஊர்ப் பங்குச்சாமியார் சொல்லி அவள் விண்ணப்பம் போட்டது எனக்குத் தெரியும், உறையின்மேல் விலாசத்தை என் கையால் எழுதியவளே நான்தான், கிடைக்காது என்ற தைரியத்தில் அழகாக எழுதினேன். கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் ரைஸ் மில் வைத்திருந்த மாமன் மகனுக்கு என்னைப் பேசி முடித்து வைத்திருந்தார்கள், “அந்தத் தூத்துக்குடிப் புள்ள கூட வந்தா மதுரையில படி, இல்லன்னா ஆவணியில கல்யாணம்” என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அவள் இத்தாலிக்குப் போனால் நான் ரைஸ் மில்லுக்குப் போக வேண்டும். கணக்கு அவ்வளவு லேசானது.

ஆனால் அன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை, பரீட்சை நேரத்தில் கொடுத்தால் அவள் மனசு அலையும், முடிந்ததும் கொடுப்போம் என்றுதான் நினைத்தேன், பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பரீட்சை முடிந்தது. கொடுத்தால் இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பாளே. நாளைக்கு. நாளைக்கு. மே பதினாறாம் தேதி காலையில் எழுந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெந்நீர் அடுப்பில் அது எரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நல்ல காகிதம். பிறகு மதுரையில் எம்.பில்., பி.எட்., இரண்டு வருடம் ஒரே அறை, நான் குரூப் பரீட்சை எழுதி வேலை வாங்கி, இருபத்தெட்டு வயதில் எனக்குப் பிடித்த மனுஷனைக் கட்டி, என் வாழ்க்கை என்று எதைச் சொல்கிறேனோ அது முழுவதும் அந்த அடுப்பில் வெந்ததுதான். ஜெசிந்தா தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர் ஆனாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தலைமையாசிரியை ஆனாள், துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். யாராவது கேட்டால் “இத்தாலிக்காரன் பதிலே போடலம்மா, இல்லன்னா நான் இந்நேரம் பெரிய சயின்டிஸ்ட்டு” என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வேறு வேலை வந்துவிடும், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, என் நெஞ்சு அடுக்களைக்கு எழுந்து போய்விடும்.

தெரு திரும்பியது, எதிரே இரண்டு கோபுரங்கள், ஒன்று ஆகாயத்துக்கு, பக்கத்தில் உள்ளது குட்டை, நன்றாகவே சாய்ந்திருக்கிறது, அதைச் சுற்றி வேலி போட்டு என்னவோ வேலை நடக்கிறது, விழவும் இல்லை நிமிரவும் இல்லை, எத்தனை நூறு வருடமாகவோ இப்படியே நிற்கிறதாம், முடிகிறது பார் சிலருக்கு. மழை கொஞ்சம் வலுத்தது. ஒரு வங்காளி மனிதர் குடைகளை நீட்டி “மேடம், மேடம்” என்றார், மெகராஜ் மேலே இருக்கும் வளைவைக் காட்டிச் சிரித்தாள், அவரும் சிரித்தார், இந்த ஊரில் குடை விற்க நெஞ்சுரம் வேண்டும். வளைவு விட்டுப்போன இடத்தில் மூவரும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினோம், ஜெசிந்தாவின் முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன், எலும்பு தெரிந்தது, தைராய்டு ஆபரேசனுக்குப் பிறகு அவள் தேறவே இல்லை, அந்த ஆபரேசனுக்குப் பதினொரு நாள் லீவு போட்டு நான்தான் கூட இருந்தேன். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் நான்தான். வாரிசுச் சான்றிதழைக் கையெழுத்து வாங்கி நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவளைச் சாத்தான்குளத்துக்கு மாற்றியபோது யார் யார் காலிலோ விழுந்து திரும்பக் கொண்டுவந்தேன், “ஆவுடை மாதிரி ஒரு சிநேகிதி கெடைக்கணும்” என்று அவர்கள் தெருவே சொல்லும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு சோறு வடிக்க வேண்டும் என்பது மறைத்தவளுக்குத்தான் தெரியும். எதிரே ஒரு கும்பல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது, நடுவில் ஒரு பெண், தலையில் இலை வளையம், முகமெல்லாம் சிவப்பு, கூட்டாளிகள் அவளைக் கிண்டல் செய்து பாடுகிறார்கள் போல. “பட்டம் வாங்கின புள்ள. எம்மவன் சொன்னான், இங்க இப்பிடித்தானாம். யா அல்லா, பிரியாணி எலையத் தலையில வச்சிருக்குவ” என்றாள் மெகராஜ். “அது லாரல். நம்ம பிரியாணி எலையும் அதே குடும்பந்தான், ஜாதி வேற” என்றாள் ஜெசிந்தா, டீச்சர் குரலில், அந்தப் பெண் தாண்டிப் போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். மினுமினுவென்று தேய்த்த தரை, ஈரக்காலடிகள், அதில் என்னுடையது எது என்று தெரியவில்லை.

“முட்டி வலிக்குடி, அந்த ஆபீசுக்கெல்லாம் வேண்டாம் மெகராஜு, ஒரு காப்பியக் குடிச்சிட்டு ஸ்டேசனுக்குப் போவோம்” என்று ஜெசிந்தா இரண்டாவது தடவையாகச் சொன்னாள். நான் சட்டென்று, ஆமா ஆமா, அவளுக்கு முடியல பாரு என்றேன், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான், நல்லவேளை மெகராஜ் கவனிக்கவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டு? தோட்டம் அடுத்த தெருதான். ஒரு மணிக்கு அடச்சிருவானாம். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருங்க, நான் ஓடிப்போய்க் கேட்டுட்டு வந்திருதேன்” என்று பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, வளைவுகளுக்குள் ஒரு வெள்ளைத் துப்பட்டாவாகச் சிறுத்துச் சிறுத்துப் போனாள். கேட்டுவிட்டு வந்துவிடுவாள். பத்து நிமிடம், கூடினால் பதினைந்து. ஒரு தூணின் அடியில் கல் திண்டு மாதிரி இருந்தது, ஜெசிந்தா அதில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள், நானும் உட்கார்ந்தேன், கல் சில்லென்றிருந்தது. எப்படி ஆரம்பிப்பது. ஐயா, மனுதாரர் பணிந்து சமர்ப்பிப்பது என்னவென்றால். முதலில் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாமா, சொன்னபின் அவள் சாப்பிடமாட்டாள். இல்லை, அவள் என்னோடு இனிமேல் எதுவுமே சாப்பிடாமல் போகலாம். அந்த நினைப்பு வந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது, பைலைப் பற்றிய பயமெல்லாம் ஒன்றுமே இல்லை, கிறிஸ்துமஸுக்கு இவள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது என்பதுதான் பயம், இதற்குத்தான் முப்பத்தைந்து வருடம் பயந்திருக்கிறேன். எதிர்ச்சாரியில் குழாய் வழியாகக் கூரைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினேன்.

“ஜெசி, அந்த லெட்டர் வந்துச்சு. நான்தான் ஒங்கிட்ட குடுக்கல. எரிச்சிட்டேன்.”

அவள் முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்” என்றாள்.

தண்ணீர்க் குழாயின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தெரியும் என்றால் எப்போதிருந்து, யார் சொல்லி, நான் கேட்டேனா நினைத்தேனா தெரியவில்லை, அவளே சொன்னாள், தெருவைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்கிற நிதானத்தில். “ஜூன்ல வீட்டு விலாசத்துக்கு இன்னொண்ணு வந்துச்சு. ஏப்ரல்ல ஒனக்கு எழுதினோம், பதில் இல்ல, ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துப் பாக்கோம்னு. ஏப்ரல்ல வந்ததுன்னா ஹாஸ்டலுக்குத்தானே வந்திருக்கும். அந்த வாரம் தபால்முறை யாருன்னு எனக்குத் தெரியாதா?” நான், பின்ன ஏன் போகல என்றேன். “பயம்ட்டி” என்றாள். “எங்கப்பா தெருப்பூரா சொல்லிவச்சிட்டாவ, எம்மவ ரோமாபுரிக்குப் போறான்னு. நான் அதுவரைக்கும் ஒரு நாள் ஒத்தையில படுத்ததில்ல. பாஷ தெரியாது, குளிருன்னா என்னன்னு தெரியாது. லெட்டர ஒரு வாரம் பைபிளுக்குள்ள வச்சிருந்தேன். பெறகு கிழிச்சிப் போட்டுட்டு, பதில் வரலன்னு சொல்லிட்டேன்.” எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா என்றேன். “கேட்டா நீ சொல்லிருவ. நீ சொன்னா நானும் சொல்லணும்லா?” “எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு ஆவுடை. பழியப் போட ஒரு ஆளு கெடச்சிச்சேன்னு. நான் எங்க பயந்தேன், ஆவுடைல்லா கெடுத்தான்னு நெனச்சிக்கிடுவேன். நல்லா தூக்கம் வரும்” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சும்மா கோபமில்லை, அந்தப் புளியோதரைப் பொட்டலத்தைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்கிற கோபம். நான் அடுக்களைக்கு எழுந்து போனதையெல்லாம் இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பதிலே போடலம்மா என்று சிரித்தபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள், முப்பத்தைந்து வருடம் நான் சுமந்ததில் பாதி இவளுடைய சுமை, இவள் கைவீசி நடந்திருக்கிறாள். அப்படியானால் என் குற்றம் இல்லையென்று ஆகிவிடுமா, ஆகாது, அவளுக்கு இரண்டாவது வந்தது என்பதற்காக முதலாவதை நான் எரிக்காமல் போகவில்லை, நான் அடுப்பில் போட்டபோது இரண்டாவது வரும் என்று எனக்குத் தெரியாது. அதுவும் ஞாயம்தான். ஆனால் இவளும் பயந்தாள் என்பது, நான் பயந்த அதே கோடைகாலத்தில், நான் மாமன் மகனுக்கும் இவள் குளிருக்கும், இரண்டு பேரும் மதுரைக்கு ஓடி ஒரே அறையில் ஒளிந்துகொண்டிருக்கிறோம், இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஆளுக்கொரு பொய். கோபம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை, ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கேன். எனக்கு ஒண்ணுன்னா ஓடி ஓடி வந்தியே இத்தன வருசமா, அதெல்லாம் அதுக்காகத்தானா?” என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் சொன்ன பொய்களோடு இதையும் ஒன்றாகச் சொல்லியிருக்கலாம்.

“ஆமா. மொதல்ல அதுக்காகத்தான்” என்றேன்.

“பெறகு?”

“பெறகு பழகிப்போச்சு.”

“பழகிப்போச்சா!” என்று அவள் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு போன கிழவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பார்த்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, நன்றாகவே பசித்தது, பொட்டலத்தைப் பிரித்தேன், நல்லெண்ணெய் வாசனை அந்த வளைவு முழுக்கப் பரவியது, அவள் கையை நீட்டினாள், ஒரு கவளம் வைத்தேன், தின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் தின்றேன்.

மெகராஜ் மூச்சு வாங்க வந்தாள், துப்பட்டா நனைந்து, கையில் ஒரு படிவம். “இருக்காம்ட்டி! பழைய காயிதம் பூரா இருக்காம். பேரு, வருசம், ஊரு, மூணும் எழுதிக் குடுத்தா தேடிப்பாத்து மெயில் போடுவாளாம் அந்தப் பொம்பள, தங்கமான பொம்பள. இந்தா ஜெசி, எழுது. எவன் பதில் போடாம வுட்டான்னு இன்னைக்குப் பாத்திருவோம்” என்று பேனாவையும் சேர்த்து நீட்டினாள். ஜெசிந்தா எண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள், ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தாள், இரண்டாக மடித்தாள்.

“அவனுவ போட்டானுவ மெகராஜு. லெட்டர் வந்துச்சு. நாந்தான் பயந்துக்கிட்டுப் போகல. ஒங்க எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன்” என்றாள்.

மெகராஜ் பேனாவை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய துப்பட்டா நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெசிந்தா அத்தோடு நிறுத்திக்கொண்டாள், என் பக்கம் திரும்பவே இல்லை, அவளுடைய பங்கை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குக் கையை நீட்டினாள், நான் விரும்பினால் இப்படியே எழுந்து ரயிலுக்குப் போய்விடலாம், மெகராஜுக்கு இது போதும், ஊருக்குப் போகிறவரை இதையே பேசுவாள், என் பெயர் எங்கேயும் வராது. நான் கவளத்தை அவள் கையில் வைத்தேன்.

“ரெண்டு லெட்டர் வந்துச்சு மெகராஜு” என்றேன். “மொத லெட்டர் எங்க போச்சுன்னு நான் சொல்லுதேன். இப்பிடி உக்காரு.”